செயலியை மாற்றி அமைப்பவர்கள் வேலூர் லாட்ஜ் வரவேற்பறையில் வந்து உட்காரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதி அறைகளை முன்பதிவு செய்யும் செயலி ஒன்று முழுவதுமாக மாற்றி அமைக்கப்பட்டிருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியை வாசித்தேன். பயனர்களிடம் விரிவாக ஆய்வு நடத்தி, அதன் அடிப்படையிலேயே எல்லாவற்றையும் மாற்றியதாக அந்த நிறுவனம் சொல்கிறதாம். எழுத்து பெரிதாகியிருக்கிறது, நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, நான்கைந்து தட்டல்களில் அறை உறுதியாகிவிடுகிறது. நல்லதுதான். அந்த ஆய்வில் எங்கள் ஊருக்கு வந்து தங்குகிறவர்கள் யாராவது இருந்தார்களா என்பதுதான் என் கேள்வி. ஒருவர் இருந்திருந்தாலும் அந்தச் செயலியின் முதல் பக்கமே வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் ஒரு லாட்ஜில் நான் வரவேற்பாளராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். கணக்கு எழுத வந்தவள். இன்று அட்வான்ஸ் வாங்குவது, சாவி கொடுப்பது, செயலியில் வரும் பதிவுகளைக் கவனிப்பது எல்லாம் என் மேசையில்தான் நடக்கின்றன. வங்காளி பேசுவேன், இந்தியில் சமாளிப்பேன். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் தெரியும். மருந்துக் கடை, சாப்பாட்டுக் கடை, டிக்கெட் எடுத்துத் தரும் கடை, எதன் பலகையைப் பார்த்தாலும் தமிழோடு வங்க எழுத்தும் இருக்கும். 1900-ல் இடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சையிடம் சி.எம்.சி.யாக வளர்ந்து, மேற்கு வங்காளம், ஜார்கண்ட், பீகார், அசாம், திரிபுரா என்று எங்கெங்கிருந்தோ மக்களை இங்கே வரவழைக்கிறது. அவர்களை நம்பித்தான் இந்தத் தெருக்களில் லாட்ஜுகள் எழுந்தன. கோட்டையையும் ஸ்ரீபுரத்தையும் பார்க்க வருகிறவர்கள் உண்டு. வி.ஐ.டி.யில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் உண்டு. ஆனாலும் எங்கள் ரிஜிஸ்டரில் வந்த காரணம் என்ற கட்டத்தில் நான் அதிகம் எழுதுவது சிகிச்சை என்றுதான்.

இப்படி வருகிறவர்களைச் செயலி தன் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழ வைக்கிறது. எந்தத் தேதி வருகிறீர்கள், எந்தத் தேதி அறையைக் காலி செய்கிறீர்கள்? வரும் தேதி தெரியும், ரயில் டிக்கெட் கையில் இருக்கிறது. போகும் தேதியை யார் சொல்வது? டாக்டர் பார்ப்பார், ரத்தப் பரிசோதனை எழுதுவார், ஸ்கேனுக்கு வேறொரு நாள் குறித்துக் கொடுப்பார்கள், முடிவு வந்த பிறகு மறுபடியும் டாக்டர். அறுவை சிகிச்சை என்று முடிவானால் கணக்கே மாறிவிடும். மருந்தோடு போகச் சொன்னால் மறுநாளே கிளம்ப வேண்டியிருக்கும். ஊரில் உட்கார்ந்து இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. செயலியோ, இரண்டாவது தேதியைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. எனவே ஏதோ ஒரு தேதியைத் தொட்டுவிட்டு வந்து சேர்கிறார்கள்.

அந்தத் தேதி நெருங்கும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. தங்குவதை நீட்டிக்க வேண்டும் என்றால் செயலி அதைப் புதிய பதிவாகவே எடுத்துக்கொள்கிறது. வாடகை அன்றைய விலைக்கு ஏறியிருக்கும். அவர்கள் இருக்கும் அறையை அதற்குள் வேறொருவர் பதிவு செய்திருப்பார். ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் மாத்திரை டப்பாக்களையும் பரப்பி வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும் குடும்பம், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு இன்னொரு மாடிக்குப் போக வேண்டும். வயிற்றில் போட்ட தையல் பிரிக்காத மனிதர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற, அவர் மனைவி பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். எங்களால் முடிந்தவரை அறையை மாற்றாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் திரையில் வந்துவிட்ட பதிவை மறுத்தால் லாட்ஜின் மதிப்பெண் குறைகிறது, முதலாளி என்னைக் கேட்கிறார்.

செயலிகள் வருவதற்கு முன் எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, நாள் வாடகைக்கு இருப்பார்கள். காலி செய்வதென்றால் முந்தின நாள் மாலையில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இன்றும் நேரில் வருகிறவர்களுக்கு அப்படித்தான் தருகிறோம். போகும் தேதி தெரியாது என்று சொல்ல ஓர் இடமும், முந்தின நாள் மாலை கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் செயலியில் இருந்தால் போதும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவியல் எதுவும் தேவையில்லை. எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது நின்றாலே தெரிந்துவிடும்.

இதை எழுதத் தூண்டிய இன்னொரு சம்பவமும் இருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் சார்பில், பெங்களூரிலிருந்து ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் எங்கள் லாட்ஜுக்கு ஆய்வுக்கு வந்திருந்தார்கள். கையில் அச்சிட்ட கேள்வித்தாள். செயலி எளிதாக இருக்கிறதா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள், நண்பர்களுக்குச் சொல்வீர்களா என்று வரவேற்பறையில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஐந்து என்றார்கள். அயலூரில் நோயாளியோடு வந்திருக்கும் குடும்பம், நன்றாக உடுத்திய இரண்டு பேர் கேட்கும்போது, அதுவும் லாட்ஜ்காரியான நான் பக்கத்தில் நிற்கும்போது, குறையா சொல்லும்? அந்தத் தாள்களை அப்படியே கொண்டுபோயிருந்தால், வேலூரில் எல்லோருக்கும் திருப்தி என்றுதான் அறிக்கை எழுதியிருப்பார்கள்.

நல்லவேளையாக அந்தப் பெண் மதியத்துக்கு மேல் கேள்வித்தாளைப் பைக்குள் வைத்துவிட்டாள். மேற்கு வங்காளத்தின் மால்டா ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய மனைவிக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மறு பரிசோதனைக்காகச் சில வாரங்கள் கழித்து மீண்டும் வர வேண்டும். அந்தப் பயணத்துக்கு இப்போதே அறை தேடிப் பாருங்கள், தேடும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வங்காளியில் அவர் சொல்லச் சொல்ல நான் அவளுக்கு மொழிபெயர்த்தேன்.

அவர் முதலில் விலையைப் பார்க்கவில்லை. படங்களைத் திறந்தார். கட்டில், திரைச்சீலை, டி.வி. என்று வந்த படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போய், குளியலறைப் படத்தில் நின்றார். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார். கதவின் அடிப்பக்கத்தையே உற்றுப் பார்த்தார். படம் வாஷ்பேசினுக்கு மேலே எடுத்தது. மடித்த துண்டும் கண்ணாடியும் தெரிந்தன, தரை தெரியவில்லை. அடுத்த லாட்ஜுக்குப் போனார், அங்கும் குளியலறை, அங்கும் அதே தேடல். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, உள்ளே காலெடுத்து வைக்கும் இடத்தில் படி இருக்கிறதா, டாய்லெட் வெஸ்டர்னா, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், அவளால் காலைத் தூக்க முடியாது என்றார். பிறகு வசதிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தார். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், மதுக்கூடம், வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி என்று இருந்தது. தரைத்தளம் இல்லை. சக்கர நாற்காலி நுழையுமா என்பதும் இல்லை. பட்டியலை மூடிவிட்டு, தொலைபேசி எண்களைத் திறந்து, எங்கள் லாட்ஜின் எண்ணைத் தேடத் தொடங்கினார். அதாவது, எனக்கே போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பெண் என்னிடம் ஒரு காலி அறையைத் திறக்கச் சொன்னாள். குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, படியின் உயரத்தைக் கையால் அளந்தாள். ஏறக்குறைய ஒரு சாண் இருந்தது. தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கொத்தனார் வைத்த படி அது. தினம் அந்த அறைகளைத் திறந்து மூடும் நானும் அதை ஒரு தகவலாக யாருக்கும் சொன்னதில்லை. அவள் அதை எழுதிக்கொண்டாள். பெரியவர் செயலிக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்திருந்தார் தெரியுமா? ஐந்து.

சென்னையில் இந்தச் செயலி வடிவமைப்புத் துறையிலேயே வேலை செய்யும் என் தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது, "அத்தை, மக்கள் சொல்வது வேறு, செய்வது வேறு. செய்வதைப் பார்ப்பதுதான் ஆய்வு" என்றாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லும் அந்த முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-லேயே எழுதி வைத்திருக்கிறாராம். 1985-ல் அவரும் ஜான் கூல்டும் சேர்ந்து சொன்னவை இன்னும் அடிப்படையானவை: தொடக்கத்திலேயே பயன்படுத்துகிறவர்களிடமும் அவர்கள் வேலையிடமும் போக வேண்டும், அவர்களைச் செய்யவிட்டு அளந்து பார்க்க வேண்டும், மாற்றி, மறுபடி சோதித்து, மறுபடி மாற்ற வேண்டும். மனிதர்களை மையமாக வைத்த வடிவமைப்புக்கென்று ஐ.எஸ்.ஓ. 9241-210 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. பயன்படுத்துகிறவர், அவர் செய்யும் வேலை, அவர் இருக்கும் சூழல் மூன்றையும் தெளிவாகப் புரிந்துகொண்ட பிறகே வடிவமைக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. சூழல் என்ற அந்த மூன்றாவதுதான் பெங்களூர் அலுவலகத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்ற கணக்கும் அந்தத் துறையில் புழங்குகிறது. அந்தத் துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில் வந்தது அது. ஐந்து பேர் ஒரு செயலியில் உள்ள சிக்கல்களில் சுமார் 85 சதவீதத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்பது கணக்கு. ஆனால் பயன்படுத்துகிறவர்களில் வெவ்வேறு வகையினர் இருந்தால் ஒவ்வொரு வகையிலிருந்தும் சிலரைச் சோதிக்க வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறார் என்று தம்பி மகள் சொன்னாள். நிறுவனங்கள் கணக்கின் முதல் பாதியை எடுத்துக்கொள்கின்றன. அலுவலகத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஐந்து பேரும் அலுவலக வேலையாக வெளியூர் போகிறவர்களாகவோ, வார இறுதியில் ஏலகிரிக்குப் போகிறவர்களாகவோ இருப்பார்கள். அவர்களுக்குப் போகும் தேதி தெரியும். படி ஏற முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்களிடம் பதிவு செய்கிறவர் ஒருவர், வந்து தங்குகிறவர் வேறொருவர். கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் அண்ணன் மகனோ மருமகனோ தன் போனில் பதிவு செய்து, பணம் கட்டி, படத்தை அனுப்பிவிடுவார். காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர் கையில் சாதாரண போன்தான் இருக்கும். பதிவு ஒரு பெயரில், ஆதார் இன்னொரு பெயரில். உறுதிசெய்யும் எண் கொல்கத்தாவுக்குப் போகும். இங்கே இவர் விடியற்காலையில் வந்து நிற்கும்போது, அங்கே பதிவு செய்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஹவுரா பக்கத்திலிருந்து வரும் ரயில்கள் ஒரு நாளுக்கு மேல் ஓடி வருகின்றன, தாமதமும் சேர்ந்துகொண்டால் எந்த நேரத்தில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. செயலியோ அறை பகல் 12 மணியிலிருந்து என்கிறது. விடியற்காலையில் வந்து சேர்ந்த நோயாளி எங்கள் வரவேற்பறை நாற்காலியில் மதியம் வரை சாய்ந்து கிடப்பார். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று செயலி ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவருக்குத் தோதான அறையை நான் இரவே ஒதுக்கி வைத்திருப்பேன். பதிவு செய்தவரிடம் மட்டும் கருத்துக் கேட்டால், எல்லாம் சுலபமாக முடிந்தது என்பார். அவர் அளவில் அது உண்மையும்கூட. நாற்காலியில் கிடந்தவரை யாரும் கேட்பதில்லை.

மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதிலும் செயலிகள் தடுமாறுகின்றன. சி.எம்.சி. என்று தேடினால் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, அதற்கு எத்தனை தூரத்தில் எந்த லாட்ஜ் என்று வரிசைப்படுத்துகின்றன. நகரின் நடுவே இருக்கும் பழைய வளாகம் அது. 2022-ல் ரத்தினகிரிக்கு அருகே, ராணிப்பேட்டை மாவட்ட எல்லைக்குள், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிய வளாகம் திறந்தார்கள். சில துறைகள் அங்கே போய்விட்டன. பாகாயத்தில் கல்லூரி வளாகமும் மனநல மையமும் இருக்கின்றன. கண் மருத்துவமனை ஆரணி சாலையில். நோயாளியின் கையில் இருக்கும் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கும். ஆனால் பதிவு செய்த மருமகனுக்கு வேலூரில் இப்படிப் பல இடங்கள் இருப்பதே தெரியாது. விபத்தில் கால் முறிந்தவரைப் பக்கத்தில் தங்க வைப்பதாக நினைத்து எங்கள் தெருவில் அறை எடுத்துவிட்டு, தினம் காலையில் ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு நான்தான் புதிய வளாகத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கொடுக்கிறேன். எங்களுக்கு அது நஷ்டம்தான், ஆனாலும் வேறென்ன செய்வது? உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கிறது என்று கேட்க ஒரு வரி போதும்.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் தங்குகிறவர்கள் தாங்களே பொங்கிச் சாப்பிடவே விரும்புகிறார்கள். செலவு குறையும், டாக்டர் சொன்ன உப்பில்லாப் பத்தியமும் நடக்கும், மீனும் சோறுமாக ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். ஸ்டவ், பாத்திரம் எல்லாம் இங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொள்வார்கள். சில லாட்ஜுகள் அறையில் சமைக்க விடும், சில விடாது. இது தெரியாமல் பணம் கட்டிவிட்டு வந்து மேசையில் சண்டை போடுகிறவர்கள் பலர்.

அடுத்தது விலை. இதில் எனக்குக் கோபம் அதிகம். எங்கள் லாட்ஜில் ஒரு தளமே காலியாக இருக்கும் நாளில், இன்னும் ஒரே ஓர் அறைதான் மீதி, இப்போது பலர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் காட்டியதை ஒரு விருந்தினர் தன் போனில் என்னிடம் காட்டினார். சாவிப் பலகையை அவரே திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. முதலில் ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் சேவைக் கட்டணம், காப்பீடு, நன்கொடை என்று ஏறிய வேறொரு விலை. கேட்காமலே தேர்வாகிக் கிடக்கும் பெட்டிகள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இப்படிப்பட்ட 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. பொய்யான அவசரத்தைக் காட்டுவது, விலையைப் பகுதி பகுதியாக வெளியிடுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது மூன்றும் அதில் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ எங்கள் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்தக் குழப்பத்தில் வரியும் சேர்ந்துகொள்கிறது. நாள் வாடகை 1000 ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு 2022 ஜூலை 18 வரும்வரை ஜி.எஸ்.டி. இல்லை. அன்றிலிருந்து 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது. வரி எவ்வளவு, செயலி எடுத்துக்கொள்வது எவ்வளவு, லாட்ஜுக்குப் போவது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு வரி மற்றும் கட்டணங்கள் என்று எழுதுவதால், ஏமாற்றியது லாட்ஜ்தான் என்று விருந்தினர் நினைக்கிறார். மருந்துக்கு வைத்திருக்கும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் இவர்கள். ஒரு நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு அறையை விட்டுவிட்டுச் சாய்நாதபுரம் வரை தேடி நடப்பார்கள்.

வங்கதேசத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா குறைந்ததால் அவர்கள் வருகை மிகவும் குறைந்துவிட்டது, எங்கள் தெருவின் வியாபாரமும் அடிவாங்கியது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத லாட்ஜுகள் வெளிநாட்டவரை ஏற்பதில்லை. செயலியில் இந்த விவரம் எங்கும் தெரிவதில்லை. பணம் கட்டி, எல்லை தாண்டி, ரயிலேறி வந்தவரை வாசலில் நிறுத்தி இடமில்லை என்று சொல்லும் நிலை வருகிறது. வேறு லாட்ஜில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு, பெட்டிகளோடு எங்கள் வாசலுக்கு வந்த ஒரு தாயும் மகளும் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மறுநாள் கீமோ.

செயலியை விருந்தினர்தான் பயன்படுத்துகிறார் என்று ஆய்வு செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். என் மேசையில் இருக்கும் கணினியிலும் போனிலும் அதே நிறுவனங்களின் இன்னொரு பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு திரை, ஒரு கடவுச்சொல், ஒரு மணியோசை. நேரில் வந்தவருக்கு அறையைக் கொடுத்தவுடன் ஒவ்வொன்றிலும் போய் அந்த அறையை மூட வேண்டும். காலை நெரிசலில் ஒன்று தாமதமானால் ஒரே அறைக்கு இருவர் சாவி கேட்டு நிற்பார்கள். எங்கள் ரூம் பாய் சுத்தம் செய்து முடித்ததைப் பதிய ஓர் இடம் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் மட்டும். அவர் எனக்குக் கையால் சைகை காட்டுவார், நான் போய்த் தட்டுவேன். எங்களைக் கேட்டால் எவ்வளவோ சொல்வோம். பெங்களூரிலிருந்து வந்த இருவரும்கூட என் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

எனவே இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வேலூருக்கு ஆள் அனுப்புங்கள். திருவண்ணாமலைக்கும் அனுப்புங்கள், பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு இரவு முழுவதும் அறை வேண்டியதில்லை, குளித்து உடை மாற்றிச் சற்றே காலை நீட்டிப் படுக்கச் சில மணி நேரம் போதும், அதுவும் எந்தச் செயலியிலும் சரியாக இல்லை. வி.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களும் இதைத் தங்கள் ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். பாலாற்றைத் தாண்டி வந்தால் போதும், இந்தத் தெருக்கள் வந்துவிடும். செய்து முடித்த செயலியைக் கொண்டுவந்து எப்படி இருக்கிறது என்று கேட்காமல், தாளில் வரைந்த படங்களோடு முன்கூட்டியே வாருங்கள். தாளில் இருக்கும்போதுதான் அழித்து எழுத மனம் வரும்.

வருகிறவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவமனை வரிசையில் நிற்பவரைப் பிடித்துப் பேட்டி எடுக்காதீர்கள். டோக்கன் எண் கூப்பிடுகிறார்களா என்றே அவர் காது இருக்கும். நோயாளியின் முகத்தையும் மருத்துவச் சீட்டையும் படம் எடுக்கக் கூடாது. என்ன செய்கிறீர்கள், எதற்காக, பதிவை யார் பார்ப்பார்கள் என்று அவர் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு தொடங்குங்கள். வேண்டாம் என்றால் உடனே எழுந்துவிடுங்கள். போன முறை வந்தவர்கள் நேரம் ஒதுக்கியவர்களுக்கு அந்தச் செயலியிலேயே செலவழிக்கும்படியான கூப்பன் கொடுத்தார்கள். மால்டா பெரியவர் அதை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ ஆட்டோவுக்கோ ஆகும்படி பணமாகக் கொடுப்பதுதான் மரியாதை. மொழிபெயர்க்க உள்ளூர் ஆள் வைத்துக்கொண்டால் அவருக்கும் கூலி கொடுங்கள்.

எங்கள் வரவேற்பறையில் திங்கட்கிழமை காலையில்தான் கூட்டம் அதிகம். புதிதாக வந்து இறங்குகிறவர்கள், அறையை நீட்டிக்கக் கேட்கிறவர்கள், காலி செய்கிறவர்கள் எல்லோரும் அப்போது ஒன்றாக நிற்பார்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன், குளியலறைகளையும் திறந்து காட்டுகிறேன். அளவு நாடா ஒன்று மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கும் விடுதி வரவேற்பாளர் ஒருவர்,
வேலூர்.

(நான் வேலை பார்க்கும் இடத்துக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)